மூவாயிரம் ரூபாய்க்குள் வீட்டு ஜிம்: மார்புப் பயிற்சிக் கருவிகளை நாமே செய்யலாம்

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் நம்மைத் தனியே அழைத்தார். செருப்புக் கடையில் வேலை பார்ப்பவர். மூன்று பிள்ளைகள். "ஹஜ்ரத், மூத்தவன் ஜிம்முக்குப் போகணும்னு ஒரே பிடிவாதமா நிக்கிறான். சேர மூவாயிரம், அப்புறம் மாசாமாசம் ஆயிரத்து இருநூறு. அதுக்கு மேல பவுடர் டப்பா வேற கேக்குறான். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

பையனை அழைத்துப் பேசினோம். 18 வயது, கல்லூரியில் முதலாண்டு. அவன் கேட்டதில் நமக்குத் தவறு தெரியவில்லை. இரவு இரண்டு மணி வரை செல்போனோடு விழித்திருக்கும் வயதில், உடம்பைப் பலமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான். அது நல்ல ஆசைதான். "அத்தாகிட்ட காசு இல்லைன்னு எனக்கும் தெரியும் ஹஜ்ரத். அதனாலதான் வீட்லயே நானா ஒண்ணு செஞ்சு பாத்தேன்" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

படத்தைப் பார்த்ததும் நமக்குப் பகீர் என்றது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிரே போட்டு மேலே ஒரு பலகை வைத்திருக்கிறான். அதில் மல்லாந்து படுத்து, இரு முனையிலும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் கட்டிய மூங்கில் கழியைத் தூக்குகிறான். 40 கிலோ எடை, கழுத்துக்கு நேர் மேலே. வீட்டில் வேறு யாரும் இல்லை.

நாம் பதறியதற்குக் காரணம் உண்டு. மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் நாமும் இதே வேலையைச் செய்தவர்கள்தான். விடுதியின் பின்புறம் செங்கல்லை இரண்டு அடுக்காக அடுக்கி, அதன்மேல் பலகை போட்டு, அதில் படுத்து எடை தூக்குவோம். ஒரு நாள் ஒரு பக்கத்து அடுக்கு சரிந்தது. கையில் இருந்த எடையோடு இடது தோளில் விழுந்தோம். எலும்பு முறியவில்லை. ஆனால் மூன்று வாரம் தக்பீர் கட்டக் கையைத் தூக்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது. இன்றும் மழைக்காலத்தில் அந்தத் தோள் தன்னை ஞாபகப்படுத்தும்.

ஆகவே அந்தப் பையனிடம் "செய்யாதே" என்று சொல்லவில்லை. "சரியாகச் செய்வோம், வா" என்றோம். அவனோடு சேர்ந்து செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். இதே நிலையில் நம் குடும்பங்கள் பல இருக்கின்றன.

மார்புத் தசை என்ன வேலை செய்கிறது?

மார்பின் இரு பக்கமும் விசிறிபோல் விரிந்திருக்கும் பெரிய தசை ஒன்று உண்டு. அது கழுத்துப்பட்டை எலும்பிலும் நெஞ்செலும்பிலும் தொடங்கி, மேற்கை எலும்பில் போய் முடிகிறது. கையை முன்னால் தள்ளுவதும், இரு கைகளையும் உடலுக்குக் குறுக்கே சேர்த்து அணைப்பதும் இதன் முக்கிய வேலைகள். கதவைத் தள்ளும்போதும், பழுதான பைக்கைத் தள்ளிக்கொண்டு போகும்போதும், தரையில் கையூன்றி எழும்போதும் இந்தத் தசைதான் உழைக்கிறது. இதோடு தோளின் முன்பகுதித் தசையும், மேற்கையின் பின்பகுதித் தசையும் சேர்ந்து இயங்கும்.

எனவே பனியன் இறுக்கமாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கும் வாலிபர்களுக்கு மட்டும் உரிய பயிற்சி அல்ல இது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நடைப்பயிற்சி தனி, இது தனி. "தினமும் நடக்கிறேனே, போதாதா?" என்று கேட்கும் நம் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உழைக்கும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. அதனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இது உதவுகிறது. மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கு எலும்பு தேய்வதை மெதுவாக்குகிறது.

முதல் கருவி: நம் வீட்டுத் தரை

கருவி செய்வதற்கு முன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வோம். தண்டால் எடுக்கும்போது நம் உடல் எடையில் எவ்வளவு கைகளில் இறங்குகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். தரையில் எடுக்கும் சாதாரணத் தண்டாலில் ஏறத்தாழ 64 சதவீதம் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ள பையன் ஒவ்வொரு தண்டாலிலும் 38 கிலோவைத் தள்ளுகிறான் என்று பொருள்.

நிலையை மாற்றினால் இந்த எடையும் மாறும். அதே 60 கிலோ பையனுக்குக் கணக்கு இப்படி வரும்:

- 60 செ.மீ. உயரமுள்ள உறுதியான மேடையில் கை ஊன்றினால்: 41 சதவீதம், சுமார் 25 கிலோ
- முழங்காலைத் தரையில் வைத்து எடுத்தால்: 49 சதவீதம், சுமார் 29 கிலோ
- 30 செ.மீ. உயரப் படியில் கை ஊன்றினால்: 55 சதவீதம், 33 கிலோ
- தரையில் சாதாரணமாக எடுத்தால்: 64 சதவீதம், சுமார் 38 கிலோ
- காலை 30 செ.மீ. உயரத்தில் வைத்தால்: 70 சதவீதம், 42 கிலோ
- காலை 60 செ.மீ. உயரத்தில் வைத்தால்: 74 சதவீதம், சுமார் 44 கிலோ

இந்தப் பட்டியலே ஒரு ஜிம். மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக வந்தால் 25 கிலோவில் தொடங்கி 44 கிலோ வரை ஒரு ரூபாய் செலவில்லாமல் போய்விடலாம். அம்மா சமையல் மேடையில் கை ஊன்றி எடுக்கலாம். தாத்தா சுவரில் கை ஊன்றி எடுக்கலாம். பையன் காலைக் கட்டில் விளிம்பில் வைத்து எடுக்கலாம்.

மல்யுத்த வீரர் காமா பஹல்வானைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1910ல் லண்டன் போய், போலந்து நாட்டு வீரர் ஸிபிஸ்கோவோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோதினார். 1928ல் பாட்டியாலாவில் அதே வீரரை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். அவர் உடம்பை வளர்த்தது தண்டாலிலும் பஸ்கியிலும்தான். நம் ஊர்ச் சிலம்பக் கூடங்களிலும் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை மூன்றையும் வைத்தே பிள்ளைகளைத் தயார் செய்தார்கள். இதை அந்தப் பையனிடம் சொன்னபோது, "அப்ப எதுக்கு ஹஜ்ரத் பெஞ்சு?" என்று அவனே கேட்டான். நல்ல கேள்வி. தரைத் தண்டாலை ஒழுங்காக 20 எடுக்க முடியாதவர்களுக்கு வேறு எந்தக் கருவியும் அவசியமில்லை. அதைத் தாண்டியவர்களுக்குத்தான் இனி வருபவை.

தண்டால் கைப்பிடி

உள்ளங்கையைத் தரையில் ஊன்றும்போது மணிக்கட்டு முழுதாக மடங்குகிறது. சிலருக்கு அங்கே வலி வரும். கைப்பிடியைப் பிடித்தால் மணிக்கட்டு நேராக நிற்கும். நெஞ்சும் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கும்.

தேவையானவை: ஒரு அங்குலத் தண்ணீர்ப் பைப் 6 அடி, எல்போ 4, டீ 4, எண்ட் கேப் 8, ஒரு சின்ன டப்பா பைப் பசை. கடையில் பிளம்பிங் பைப் என்று கேட்டு வாங்க வேண்டும். மின்சார ஒயர் ஓட்டும் பைப் மெல்லியது. எடை தாங்காமல் பிளந்துவிடும்.

பைப்பை இப்படி வெட்டிக்கொள்ள வேண்டும்: கைப்பிடிக்கு 18 செ.மீ. துண்டு 2, நிற்கும் காலுக்கு 8 செ.மீ. துண்டு 4, தரையில் படுக்கும் பாதத்துக்கு 10 செ.மீ. துண்டு 8. மொத்தம் 148 செ.மீ. வரும். 6 அடியில் வெட்டுச் சேதாரம் போக மிச்சமும் இருக்கும்.

கைப்பிடித் துண்டின் இரு முனையிலும் எல்போ மாட்டி, அதில் கால் துண்டைக் கீழ்நோக்கிச் செருக வேண்டும். காலின் அடியில் டீ. டீயின் இரு பக்கமும் பாதத் துண்டுகள். பாதத்தின் முனைகளில் கேப். முதலில் பசை போடாமல் எல்லாவற்றையும் மாட்டி, தரையில் வைத்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு முனையும் சமமாக உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பசை போட வேண்டும். பசை உடனே பிடித்துக்கொள்ளும். ஆனாலும் ஒரு நாள் முழுக்கக் காய விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்கப் பாதத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்க் கடையில் இதற்கு 350 ரூபாய் ஆனது.

புத்தகப்பையே எடைப்பை

தண்டால் எளிதாகிவிட்டால் முதுகில் எடை சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடம் முடித்த பிள்ளையின் பழைய பை எந்த வீட்டிலும் இருக்கும். அதில் மணலைப் போடலாம். காய்ந்த மணல் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.6 கிலோ இருக்கும். மூன்று லிட்டர் மணல் போட்டால் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

மணலை நேராகப் பையில் கொட்டக் கூடாது. தடித்த பிளாஸ்டிக் கவரில் ஒன்றரை லிட்டர் வீதம் போட்டு, வாயைக் கட்டி, அதன்மேல் இன்னொரு கவர் போட்டுக் கட்ட வேண்டும். ஒரு கட்டு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டாகக் கூட்டிக்கொண்டு போகலாம். பை முதுகின் மேல்பகுதியில், தோள்பட்டைகளுக்கு நடுவே நிற்க வேண்டும். வாரைத் தளர்வாக விட்டால் எடை இடுப்புப் பக்கம் சரிந்து, இடுப்பு தொங்கி, முதுகு வலி வரும். சும்மா அரிசியோ பருப்போ போட்டால் ஆகாதா என்றால், ஆகும். ஆனால் பை கிழிந்தால் அம்மாவிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சிமெண்ட் டம்பெல்

பையனுக்கு அதிகம் பிடித்தது இந்த வேலைதான். கடையில் இரும்பு டம்பெல்லைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். சிமெண்டில் அதே எடையைச் சொற்பக் காசில் செய்துகொள்ளலாம்.

கணக்கு எளிது. ஒரு லிட்டர் கான்கிரீட் காய்ந்த பின் ஏறத்தாழ 2.4 கிலோ இருக்கும். ஒரு முனைக்கு 2 லிட்டர் என்றால் 4.8 கிலோ. இரண்டு முனைக்கு 9.6. நடுவில் இருக்கும் பைப்பும் சேர்ந்தால் ஒரு டம்பெல் 10 கிலோ. 17 செ.மீ. அகலமுள்ள வட்ட டப்பாவில் 9 செ.மீ. உயரத்துக்கு ஊற்றினால் 2 லிட்டர் வரும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் ஒரு முனைக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் 5 கிலோ டம்பெல் கிடைக்கும்.

ஒரு ஜோடி 10 கிலோ டம்பெல்லுக்கு வேண்டியவை: முக்கால் அங்குல ஜிஐ பைப் 30 செ.மீ. துண்டு 2, சிமெண்ட் மூன்றரைக் கிலோ, மணல், கால் அங்குலச் சிப்ஸ் ஜல்லி, ஒரே அளவு பிளாஸ்டிக் டப்பா 4, மூன்று அங்குல ஆணி 8. ஜிஐ பைப்பின் வெளி அகலம் ஏறத்தாழ 27 மி.மீ. கைக்கு நன்றாக அடங்கும்.

இனி செய்முறை:

1. பைப்பின் ஒவ்வொரு முனையிலும் 2 செ.மீ. தள்ளி ஒரு துளை, 5 செ.மீ. தள்ளி அதற்குக் குறுக்காக இன்னொரு துளை போட வேண்டும். வெல்டிங் பட்டறையில் போட்டுத் தருவார்கள். துளைகளில் ஆணியைச் செருக வேண்டும். இதுதான் உயிர்நாடி. பைப் வழுவழுப்பானது. குறுக்கே ஆணி இல்லாவிட்டால் ஒரு நாள் கான்கிரீட் கழன்று முகத்தில் விழும்.

2. சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரைப் பங்கு, ஜல்லி மூன்று பங்கு. முதலில் தண்ணீரில்லாமல் கலக்க வேண்டும். பிறகு கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். மூன்றரைக் கிலோ சிமெண்டுக்கு மொத்தம் ஒன்றே முக்கால் லிட்டரைத் தாண்டக் கூடாது. தண்ணீர் கூடினால் பலம் குறையும். இரண்டு முனைகளை வேறு வேறு நாளில் ஊற்றுவதால், முதல் நாள் பாதி மட்டும் கலக்கினால் போதும்.

3. டப்பாவின் உள்ளே எண்ணெய் தடவி, கலவையை ஊற்றி, பைப்பை நடுவே செருக வேண்டும். பைப் முனை டப்பா அடியைத் தொடாமல் ஒரு செ.மீ. மேலே நிற்கட்டும். டப்பாவைத் தரையில் மெதுவாகத் தட்டினால் உள்ளே உள்ள காற்று வெளியேறும். பைப் சாயாமல் இருக்க இரு பக்கமும் சட்டம் வைத்துக் கட்ட வேண்டும்.

4. இரண்டு நாள் கழித்துத் தலைகீழாகத் திருப்பி மறுமுனையை ஊற்ற வேண்டும். நடுவில் கை பிடிக்க 14 செ.மீ. மிஞ்சும்.

5. அதன்பின் ஈரச் சாக்கைச் சுற்றி 7 நாள் காயவிடாமல் வைத்திருக்க வேண்டும். வீடு கட்டும்போது சுவருக்குத் தண்ணீர் காட்டுகிறோமே, அதே காரணம்தான். கான்கிரீட் முழுப் பலம் பெற 28 நாள் ஆகும். குறைந்தது இரண்டு வாரமாவது பொறுத்த பிறகு கையில் எடுக்க வேண்டும்.

பச்சைச் சிமெண்ட் தோலை அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். கையுறை இல்லாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் கவரையாவது கையில் கட்டிக்கொள்ள வேண்டும். செய்து முடித்ததும் மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். 200 கிராம் முன்பின் இருந்தால் குறையில்லை. கடைசியாகப் பெயிண்ட் அடித்தால் தூசி உதிராது. பையன் பச்சை அடித்தான். எல்லாம் சேர்த்து 450 ரூபாய்க்குள் முடிந்தது.

பெஞ்ச் அவசியமா?

இல்லை. தரையில் பாயை விரித்து, அதன்மேல் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, மல்லாந்து படுத்து டம்பெல்லை மேலே தள்ளலாம். முழங்கையும் மேற்கையும் தரையைத் தொட்டதும் இறக்கம் நின்றுவிடும். தோள் மூட்டு அளவுக்கு மீறி விரிய வழியில்லை. பழைய தோள் வலி உள்ளவர்களுக்கும், சிறிய வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே சிறந்தது.

தசை முழுதாக விரிந்து சுருங்க வேண்டும் என்றால்தான் பெஞ்ச் தேவைப்படும். அப்படிச் செய்வதானால் தச்சரைக் கொண்டு செய்யுங்கள். பலகை 4 அடி நீளம், 10 அல்லது 11 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். உயரம் 17 அங்குலம், அதாவது படுத்தால் இரு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். கால்கள் 3 அங்குலக் கட்டையாக இருக்கட்டும். அடியில் கொஞ்சம் அகன்று நிற்க வேண்டும். கால்களை ஒன்றோடொன்று இணைக்கும் குறுக்குச் சட்டம் கட்டாயம். ஆணி மட்டும் போதாது. போல்ட் நட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். பழைய கட்டில், பழைய கதவு நிலை என்று மரம் இருந்தால் கூலியோடு முடியும். கறையான் தின்ற மரம் வேண்டாம்.

முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். 70 கிலோ ஆள் 20 கிலோ எடையோடு படுத்தால் 90 கிலோ. பெஞ்ச் அதற்கு இரு மடங்கு, அதாவது 180 கிலோ தாங்க வேண்டும். மூன்று பெரியவர்களை நெருக்கி உட்கார வைத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கிறீச் என்று சத்தம் வந்தால் தச்சரிடம் திரும்பக் கொண்டுபோங்கள். எங்களுக்கு மரமும் கூலியும் சேர்த்து 1,800 ரூபாய் ஆனது. ஆக மொத்தம் 2,600. ஜிம்மில் சேரக் கேட்ட மூவாயிரத்தைவிடக் குறைவு.

இவற்றைச் செய்ய வேண்டாம்

பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டூல், செங்கல் அடுக்கு, தண்ணீர் டிரம் எதன் மீதும் பலகை போட்டுப் படுக்க வேண்டாம். நம் தோளே இதற்குச் சாட்சி.

நீளக் கழியில் இரு பக்கமும் எடை கட்டித் தனியாகத் தூக்க வேண்டாம். களைத்த கையிலிருந்து கழி நழுவினால் நெஞ்சிலோ கழுத்திலோ விழும். அதைத் தள்ளிவிட முடியாது. டம்பெல் என்றால் இரு பக்கமும் கீழே விட்டுவிடலாம். ஜிம்மில் எடையைத் தாங்க இரும்புத் தூண்களும், பக்கத்தில் ஆளும் இருப்பது இதற்காகத்தான். தண்ணீர்க் கேன் இன்னும் மோசம். பாதி நிறைந்த கேனில் தண்ணீர் அலைபாய்ந்து, ஒரு பக்கம் திடீரென்று இழுக்கும்.

பழைய டியூபை இழுத்துப் பயிற்சி செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் அதை விரித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுத்த நிலையில் அறுந்தால் நேராகக் கண்ணில் அடிக்கும். சந்தேகம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் டம்பெல்லை அலமாரியிலோ பரணிலோ வைக்க வேண்டாம். தரையிலேயே மூலையில், உருளாமல் கட்டை அண்டக் கொடுத்து வையுங்கள். மாடி வீட்டில் இருப்பவர்கள் அடியில் பழைய டயர் ரப்பர் போட்டால் டைல்ஸும் பிழைக்கும், கீழ்வீட்டாரின் தூக்கமும் பிழைக்கும்.

எப்படிச் செய்வது, எத்தனை நாள்?

வாரத்தில் மூன்று நாள் போதும். இரண்டு பயிற்சிக்கு இடையில் ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். தசை வளர்வது ஓய்வில்தான். பஜ்ருக்குப் பிறகு அரை மணி நேரம் பலருக்கும் ஒத்துவரும்.

ஐந்து நிமிடம் கை, தோளைச் சுழற்றிச் சூடேற்றிய பின் தண்டால். கைகள் தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்திருக்கட்டும். முழங்கை இரு பக்கமும் சிலுவைபோல் விரியாமல், உடலோடு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். தலை முதல் குதிகால் வரை ஒரே கோடு. ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 வரை, மூன்று சுற்று. நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. பிறகு டம்பெல் தள்ளுவது அதே கணக்கில். மூன்று சுற்றிலும் 12 ஒழுங்காக வந்துவிட்டால் அடுத்த எடைக்கோ அடுத்த நிலைக்கோ போகலாம்.

தள்ளும்போது மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தம் கட்டினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஆபத்து.

தள்ளும் பயிற்சி மட்டும் செய்தால் தோள் முன்பக்கம் கூனிவிடும். அதே மணல் பையைக் குனிந்து இடுப்பை நோக்கி இழுக்கும் பயிற்சியையும் அதே எண்ணிக்கையில் செய்யுங்கள்.

பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 20 கிராம். வேர்க்கடலையில் 25 கிராம். மீனும் கறியும் உண்ணும் வீட்டில் பவுடர் டப்பாவுக்கு என்ன அவசரம்?

தசை வலியா, நெஞ்சு வலியா?

இதைத்தான் வீட்டுப் பெரியவர்கள் மிகவும் கவனித்துப் படிக்க வேண்டும். மார்புப் பயிற்சி தொடங்கிய முதல் வாரம் மார்பு வலிக்கும். சில நாளில் தணிந்துவிடும். தசை வலி பெரும்பாலும் விரலால் அழுத்தினால் கூடும், கையை அசைத்தால் கூடும்.

ஆனால் நெஞ்சுக்குள் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல் இவற்றில் எது வந்தாலும் "நேத்து தண்டால் எடுத்தேன், அதான்" என்று படுத்துவிடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். 40 வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, அழுத்தம், இருதயப் பிரச்சினை உள்ளவர்களும் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது கட்டாயம்.

இதை அந்தச் சகோதரரிடமும் சொன்னோம். அவருக்கு 47 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை. மகனுக்கு அறிவுரை சொல்லத்தான் நம்மை அழைத்தார். நாம் அவரைத்தான் முதலில் மருத்துவரிடம் போகச் சொன்னோம். போய் வந்தார். மருத்துவர், சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடத்தின் மூலையில் பச்சை டம்பெல் இரண்டும் இருந்தன. பெஞ்ச் மீது அவர் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "காலைல அவங்க எடுக்குறாங்க, மத்தியானம் நான் இதுல உக்காந்துக்கிறேன், நல்ல பெஞ்சு ஹஜ்ரத்" என்றார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் சமையல் மேடையில் கை ஊன்றிப் பத்து எடுக்கிறாளாம். "அத்தா சுவத்துல பன்னெண்டு வரைக்கும் வந்துட்டாரு. அடுத்த மாசம் மேடைக்கு இறக்கிரலாமா ஹஜ்ரத்?" என்று பையன் கேட்டான். முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள் என்றோம். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டும் வாசலில் கிடந்தன. ஒன்றில் நாம் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் பின்கால் லேசாக வளைந்தது. எழுந்து, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தோம்.